மந்திரவாதிக்கு ஒரு சொம்பு

மாமியார் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்வது எல்லா மாப்பிள்ளைகளுக்கும் கைவந்த கலை. மாமியார் எழுதியதைப் படித்துவிட்டுச் சொல்வதில் உத்தமனுக்கு முன்னனுபவம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. ரசம் முடிந்து மோருக்குக் கை நீட்டிய நேரத்தில் லட்சுமம்மா உள்ளே போய், எவர்சில்வர் தட்டுகளைக் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"படிச்சுப் பாருங்க மாப்ள. பேய்க் கதை. நான்தான் எழுதுனேன்."

உத்தமன் மனைவி சிந்துவின் கை மோர்க் கிண்ணத்திலேயே நின்றது. பெற்ற மகளுக்கே அது செய்தி.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் லட்சுமம்மாவின் பாத்திரக் கடை என்றால் ஆட்டோக்காரர்கள் வழி கேட்க மாட்டார்கள். கணவர் போன பிறகு தனியாக நின்று கடையை இரண்டு மடங்காக்கியவர். பிற்பகலில் வியாபாரம் மந்தமாகும் நேரத்தில் கல்லாவில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருப்பார். வரிக் கணக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு வருஷமாக அவர் பேய் வளர்த்திருக்கிறார்.

உத்தமனிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நேரம் போக, புதிதாக வரும் மாயாஜால நாவல், அறிவியல் நாவல், பேய் நாவல் எல்லாவற்றையும் படித்து இன்ஸ்டாகிராமில் கருத்துச் சொல்பவன் அவன். பதிப்பகங்கள் புத்தகத்தை வீட்டுக்கே அனுப்பின. எழுதியவர்கள் எல்லாம் அவனோடு ஒரே வாட்ஸப் குழுவில் இருந்தார்கள். பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்பினார்கள். கேக் அனுப்பிய கையை எப்படிக் கடிப்பது? ஆகவே உத்தமனின் கருத்து எப்போதும் ஒரே சொல்லில் முடிந்தது: அருமை.

அந்தச் சொல்லை நம்பி லட்சுமம்மா காசு கொடுத்து மூன்று புத்தகம் வாங்கியிருந்தார் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

"அந்த ராஜா கதை, மூணு பாகம் சேத்து ஒரே புத்தகம், முன்னாடி மேப்பெல்லாம் போட்டிருந்தாங்களே," என்றார் மோரை ஊற்றியபடி. "நாப்பதாயிரம் பேரோட படையெடுத்து மலை தாண்டிப் போறாரு. சரி, போகட்டும். அண்டா எங்க மாப்ள? நாப்பதாயிரம் பேருக்கு எதுல ஆக்குனாங்க? ஒரு அடுப்பு புகைஞ்சா எனக்குக் காட்டுங்க."

"அத்தை, அது வந்து மாயாஜால உலகம்…"

"மாயாஜாலத்துல வயித்தைக் கழட்டி வெச்சிட்டாங்களா? அடுத்தது, அந்தச் செவ்வாய் கிரகம். சொட்டுத் தண்ணி கிடையாதுன்னு முதல் பக்கத்துலயே அழறாரு. அப்புறம் ஹீரோ மூணு தடவை குளிக்கறான். எங்க தெருவுல டேங்கர் லாரி வர்ற அன்னிக்குக்கூட அப்படி யாரும் குளிக்கல. மூணாவது பேய் பங்களா. அந்தப் பேய்க்குத் தெரிஞ்ச ஒரே தொழில் கதவு தட்டறது. முன்னூறு பக்கம் தட்டுது. கதவைக் கழட்டி வித்திருந்தா கதையும் முடிஞ்சிருக்கும், நாலு காசும் வந்திருக்கும்."

மூன்றுக்கும் 'அருமை' எழுதியவன் இலையைப் பார்த்தான்.

"உங்க சிநேகிதர் சில்வெஸ்டர், தொம்மலூர்ல புத்தகம் போடறாரே, அவரு பேய்க் கதை தேடறாருன்னு சிந்து சொன்னா. நீங்க தேறும்னா அவருக்குக் குடுப்பேன். தேறாதுன்னா கடையில பொட்டலம் கட்டக் காகிதம் ஆச்சு."

"வேற காப்பி வெச்சிருக்கீங்களா அத்தை?"

"சரக்கு ஓடுமான்னே தெரியல. அதுக்குள்ள ரெண்டு செட்டா அடிப்பாங்க?"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிந்து ஒன்று மட்டும் சொன்னாள். "நல்லா இல்லன்னா நீ சொல்லக் கூடாது. நல்லா இருக்குன்னா நான் நம்ப மாட்டேன். எதுவானாலும் என்னை இதுல இழுக்காத."

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பல் பிடுங்கப் போகிறவன் வாயைத் திறக்கிற மாதிரி உத்தமன் கட்டைப் பிரித்தான். முதல் தாளில் தலைப்பு: வெட்டின பேர்.

கதை ஒரு பாத்திரக் கடையில் ஆரம்பித்தது. பழைய பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் புதியது வாங்கும் கடை. எவளோ ஒருத்தி போட்ட பித்தளைக் குடம் ஒன்று. அதன் கழுத்தில் பங்காரம்மா என்று பேர் வெட்டியிருக்கிறது. கடைக்காரர் பேராசையில் அதை உருக்கப் போடாமல், பேரை மட்டும் ராவி எடுத்துவிட்டு, கல்யாணச் சீருக்கு வந்தவர்களிடம் தள்ளிவிடுகிறார். அதே இடத்தில் மணப்பெண்ணின் பேர், தேவகி என்று வெட்டப்படுகிறது. புகுந்த வீட்டில் முதல் நாள் காலை கணவன் "தேவகி" என்று கூப்பிடுகிறான். அவள் கோலமாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள், திரும்பவில்லை. மறுபடி கூப்பிடுகிறான். திரும்பவில்லை. தெருவில் தயிர்க்காரி வேறு யாரையோ "பங்காரம்மா" என்று கூப்பிட்டாள்.

தேவகி திரும்பிப் பார்த்தாள்.

சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நின்றது, நகர்ந்தது, மேம்பாலம் ஏறியது, சுங்கச் சாவடி தாண்டியது. உத்தமனுக்கு எதுவும் தெரியாது. வெள்ளை வெயிலில், ஏசி பஸ்ஸில், முப்பது பேர் நடுவில் அவனுக்குக் கழுத்தின் பின்புறம் சில்லிட்டது. இருட்டு இல்லை, மழை இல்லை, ஊளை இல்லை. ஒரு பெண் மெள்ள மெள்ளத் தன் பேருக்குத் திரும்பாமல் போகிறாள், அவ்வளவுதான். மடியில் இருந்த சாப்பாட்டு டப்பா கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்தது. மூடியில் சிந்து என்று வெட்டியிருந்தது. அதற்குக் கீழே ஏதாவது ராவிய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான்.

எல்லோரும் இறங்கிவிட்டது தெரியாமல் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். டிரைவர் ஒரு ஹார்ன் அடித்தார். உத்தமன் அலறிய அலறலில் டிரைவரே இறங்கி ஓடப் பார்த்தார்.

பயம் தெளிந்ததும் பொங்கி வந்தது ஒரே ஒரு உணர்ச்சிதான்: அப்பாடா! நல்லா இருக்கு. நிஜமாகவே நல்லா இருக்கு. பொய் சொல்ல வேண்டாம், சாக்குத் தேட வேண்டாம், தீபாவளிக்கு மாமியார் முகத்தைப் பார்க்கலாம். நாலு நாள் பஸ் பயணத்தில் முழுதும் படித்து முடித்தான். பதினான்காம் அத்தியாயத்தில் மட்டும் பல்லில் கல் கடித்தது. கொள்ளேகாலில் இருந்து ஒரு மந்திரவாதி வந்து, பங்காரம்மா யார், ஏன் செத்தாள், எப்படிச் செத்தாள் என்று இருபது பக்கத்துக்கு விளக்கி, எலுமிச்சம்பழம் அறுத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போனார். சரி, பெரியவர், முதல் புத்தகம். இதைப் போய்ச் சொல்வானேன் என்று விட்டுவிட்டான்.

சனிக்கிழமை காலை கட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கே போனான். கல்லாவில் இருந்த லட்சுமம்மா எழுந்து நின்றார். கல்லாவை விட்டு யாருக்காகவும் அவர் எழுந்து நின்று உத்தமன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அத்தை, அருமை!" என்றான் மனம் நிறைய. "அட்டகாசம். ஒரு குறை இல்ல. அப்படியே குடுத்துடலாம்."

ஷட்டரைக் கீழே இழுத்த மாதிரி லட்சுமம்மாவின் முகம் மூடிக்கொண்டது.

"சரி மாப்ள. ரொம்ப சந்தோஷம்," என்றார். கட்டை வாங்கி மேசைக்கு அடியில் போட்டார். "காபி சாப்டறீங்களா?"

காபி வந்தது. நின்றுகொண்டே குடித்தான். எங்கே தப்பு என்று விளங்கவில்லை. வயதானவர், சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கடையை வேடிக்கை பார்த்தான்.

டீ ஷர்ட் போட்ட ஒருவர் குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூப்பரா இருக்கு மேடம். ஃபினிஷிங் பிரமாதம். வீட்ல கேட்டுட்டு வந்துடறேன்."

"சரிங்க சார், சந்தோஷம்," என்றார் லட்சுமம்மா தலையைத் தூக்காமலே. அதே சொல், அதே குரல். உத்தமனுக்கு எங்கேயோ சுருக்கென்றது.

அடுத்து ஒரு அம்மாள், கையில் கூடை, நெற்றியில் பெரிய பொட்டு. இட்லிப் பானையை எடுத்தார். தட்டினார். கவிழ்த்தார். "என்னம்மா இது மூடி, திருவிழாத் தேர் மாதிரி ஆடுது? அடி பாரு, தகரம். கைப்பிடி யாரு வெச்சது, கண்ணை மூடிக்கிட்டு வெச்சானா? இதைத் தூக்கிட்டுப் போனா எங்க வீட்டுக்காரர் என்னையும் சேத்து வெளியில போடுவாரு."

லட்சுமம்மாவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். "காந்தா! அக்காவுக்குச் சேர் போடு."

கடையில் உதவிக்கு இருக்கும் காந்தா ஒரு சிவப்பு நாற்காலியை விரித்துப் போட்டாள். பிறகு நடந்தது ஒரு யுத்தம். அந்த அம்மாள் மூடியை வைதார். லட்சுமம்மா அவர் கண்ணை வைதார். அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்; லட்சுமம்மா திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் இட்லிப் பானையோடு ஆறு டம்ளரும் சேர்ந்து விற்றது. போனில் அனுப்பிய காசு வந்ததைக் கூவிச் சொல்லும் பெட்டி கூவியது. காந்தா டம்ளர் சுற்றுவதற்காக மேசைக்கு அடியில் கை விட்டு ஒரு தாளை உருவினாள்.

அந்தக் கையெழுத்து உத்தமனுக்குத் தெரியும்.

"ஐயோ! அது மூணாவது அத்தியாயம்!"

"விடுங்க மாப்ள," என்றார் லட்சுமம்மா. "ஓடாத சரக்கு. இடத்தை அடைக்கும்."

"நான்தான் அருமைன்னு சொன்னேனே அத்தை!"

"நீங்க எதைத்தான் அருமை இல்லன்னு சொன்னீங்க? அண்டா இல்லாத ராஜா, குளிக்கிற செவ்வாய்க்காரன், கதவு தட்டற பேய். நானும் அந்த வரிசையில நிக்கறேன். ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டுப் போறவங்களை நான் தெனம் நூறு பேரைப் பாக்கறேன் மாப்ள. எவரும் திரும்பி வந்ததில்ல."

குரலில் கோபம் இல்லை. அதுதான் உத்தமனை அறுத்தது. இரண்டு வருஷம் எழுதியதை, விலை போகாது என்று தெரிந்ததும், வியாபாரியாக நின்று கையோடு கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் பத்து வாடிக்கையாளர் வந்தால் பங்காரம்மா பத்து வீட்டுக்குப் பொட்டலமாகப் போய்விடுவாள்.

உத்தமன் அந்தச் சிவப்பு நாற்காலியைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியார் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறான், ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறான். இந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அது யாருக்கு என்பது இப்போதுதான் புரிந்தது.

முதலில் அந்தத் தாள். அந்த அம்மாள் டம்ளரைப் பிரித்துக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் பேப்பர் எனக்கு வேணும்."

"இருப்பா. யாரு இந்த பங்காரம்மா? இந்தப் பொண்ணு ஏன் திரும்பிப் பாத்துச்சு?"

"பேப்பரைக் குடுங்கம்மா, வேற நல்ல பேப்பர்ல சுத்தித் தரச் சொல்றேன்."

"நல்ல பேப்பர் இருக்குறப்ப இதைக் கேக்கறன்னா இதுல என்னமோ இருக்கு," என்று தாளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார் அவர். கடைசியில் ஒரு குழிக்கரண்டி கைமாறி, தாள் திரும்பியது. படி இறங்கும்போதும் அவர், "முடிவுல அவளுக்கு என்ன ஆகுது, சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

"பாத்தீங்களா அத்தை!"

"இனாமா வந்தா வாழைப்பழத் தோலைக்கூடப் படிப்பாங்க."

உத்தமன் மூச்சை இழுத்துக்கொண்டான். மேசைக்கு அடியில் இருந்த கட்டை எடுத்து, நடுவில் பிரித்து, டப்பென்று கல்லாவின் மேல் போட்டான்.

"சரி, என்ன இது பதினாலாவது அத்தியாயம்?"

லட்சுமம்மா புருவத்தைத் தூக்கினார். "ஏன்? என்ன அதுக்கு?"

"என்னவா? நல்லா போயிட்டிருக்கற கதையில கொள்ளேகால் பஸ்ஸைப் புடிச்சு யாரு வரச் சொன்னது அந்த மந்திரவாதியை? இருபது பக்கம் பேசறான். எங்க மேனேஜர்கூட மீட்டிங்ல இவ்ளோ பேசறதில்ல. அதுவரைக்கும் எனக்குக் கழுத்து சில்லுன்னு இருந்துச்சு. அவன் வாயைத் தொறந்தான், எனக்குக் கொட்டாவி வந்துச்சு."

"ஹௌதா? அப்படியா?" என்றார் லட்சுமம்மா. கண்ணில் அந்த வெளிச்சம் எட்டிப் பார்த்தது. "அவரு இல்லன்னா பேயை யாரு ஓட்டறது? நீங்க ஓட்டறீங்களா?"

"ஏன் ஓட்டணும்? அவ பாட்டுக்கு இருக்கட்டும்."

"கல்யாணம் ஆன பொண்ணு மாப்ள! பேயோட விட்டுட்டுப் போனா ஜனங்க என்னைத் திட்ட மாட்டாங்க?"

"திட்டிக்கிட்டே அடுத்தவங்ககிட்ட சொல்லுவாங்க. அப்புறம் அஞ்சாவது அத்தியாயம். பாத்திர வகை மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. கதையா, விலைப்பட்டியலா?"

"என் கடையில நான் எழுதுவேன். அதுல கைய வெக்காதீங்க."

"அதை விடறேன், மந்திரவாதியைக் குடுங்க."

"முடியாது. கழிச்சா அஞ்சு பக்கம் கழிக்கறேன்."

"மொத்தமும் போகணும்."

"எட்டு. அதுக்கு மேல நக்கோ, என்கிட்ட கேக்காதீங்க."

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை இட்லிப் பானைக்காரம்மாள் காட்டியிருந்தார். ஆனால் அவர் தயங்காமல் படி இறங்கியது ஒரு பானைக்காக. இது வேறு. அழைப்பு வராவிட்டால் பேயும் போச்சு, மாமியாரும் போச்சு.

"சரி அத்தை. உங்க சரக்கு, உங்க இஷ்டம்," என்றான். "நான் கிளம்பறேன்."

படி இறங்கினான். பக்கத்துப் பூக்கடையைத் தாண்டினான். கூப்பிடவில்லை. செருப்புக் கடையைத் தாண்டினான். பின்னால் ஆட்டோ ஹார்ன்தான் கேட்டது. ரயில் வரும் சத்தம் கேட்டது. இவ்வளவு தூரம் போனவரை எந்தக் கடைக்காரரும் கூப்பிடுவதில்லை. சிந்துவிடம் என்ன சொல்லப் போகிறோம் என்று அவன் சொற்களைத் தேட ஆரம்பித்தபோது, ரயில் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் வந்தது.

"மாப்ள! இங்க வாங்க! எவ்ளோ பக்கம்னு ஒரு முடிவாச் சொல்லிட்டுப் போங்க!"

உத்தமன் ஓடக்கூடாது என்று தன் கால்களுக்குச் சொன்னான். அவை கேட்கவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அண்டாவை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

"காந்தா," என்றார் லட்சுமம்மா, "மாப்ளைக்குச் சேர் போடு."

சிவப்பு நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் ஆடியது. அதைவிட வசதியான ஆசனம் பெங்களூரில் கிடையாது என்று அவனுக்குத் தோன்றியது.

"ரெண்டு பக்கம்," என்றான். "வரட்டும், ரெண்டே பக்கம். எதையும் விளக்கக் கூடாது. பேயும் போகக் கூடாது."

லட்சுமம்மா நெற்றியைச் சொறிந்தார். "அவ்ளோ தூரம் வந்த மனுஷன். ஒண்ணும் நடக்கலன்னா வெறுங்கையோடயா அனுப்பறது? தேவகி நல்ல வீட்டுப் பொண்ணு. ஒரு சொம்பாவது குடுத்து அனுப்புவா."

"குடுக்கட்டும்."

"பேரு வெட்டித்தான் குடுப்பா. எங்க பழக்கம் அது."

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"எந்தச் சொம்பு அத்தை?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அந்தக் குடத்தோட கூட வந்தது," என்றார் லட்சுமம்மா, அதைவிட மெதுவாக. "மந்திரவாதி சந்தோஷமா வாங்கிட்டுப் போறாரு. மறுநாள் காலையில கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு. தாடியும் மீசையுமா டீ குடிச்சுட்டு நிக்கறாரு. பின்னாடி யாரோ, வேற யாரையோ, பங்காரம்மான்னு கூப்பிடறாங்க…"

"ஐயோ அம்மா, வேணாம்," என்றாள் காந்தா, டம்ளரைக் கையில் பிடித்தபடி. "எனக்குப் பயமா இருக்கு."

லட்சுமம்மா பேனாவை எடுத்துவிட்டார். டீ ஷர்ட்டுக்காரர் உண்மையிலேயே வீட்டில் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து குக்கர் வேண்டும் என்றார். அந்தக் கடையின் சரித்திரத்தில் நடக்காத அதிசயம். லட்சுமம்மா நிமிராமலே "அஞ்சு நிமிஷம் நில்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு மந்திரவாதியைத் திரும்பிப் பார்க்க வைத்துக்கொண்டிருந்தார்.

உத்தமன் சிந்துவுக்குப் போன் செய்தான். "என்ன ஆச்சு?" என்றாள் அவள், வக்கீலிடம் தீர்ப்புக் கேட்கிற குரலில்.

"உங்கம்மாகூட பெரிய சண்டை."

"ஐயையோ!"

"எனக்குச் சேர் போட்டுட்டாங்க."

சிந்து கடையில் வளர்ந்தவள், அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. "அப்போ நிஜமாவே நல்லா இருக்கா?" என்றாள். இந்தத் தடவை நம்பினாள்.

புதிய பதினான்காம் அத்தியாயத்தை முடித்து, மூன்றாம் அத்தியாயத்தின் கசங்கிய தாளை நீவி உள்ளே வைத்து, கட்டைக் கயிற்றால் இறுக்கி அவனிடம் கொடுத்தார் லட்சுமம்மா. கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"புத்தகத்துக்குப் பின்னட்டையில நாலு பேர் கருத்துப் போடுவாங்களே. உங்களுது ஒண்ணு வேணும். ஆனா அந்த 'அருமை' மட்டும் வேணாம். அது என் பொழப்பைக் கெடுத்துடும்."

உத்தமன் கடையின் பில் தாள் ஒன்றைக் கிழித்து எழுதி நீட்டினான். லட்சுமம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்:

"'ஐந்தாம் அத்தியாயத்தில் பாத்திர வகைகள் மிக அதிகம். மந்திரவாதிக்கு இந்தக் கதி தேவையில்லை. படித்த பிறகு ஒரு வாரமாக என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கத் தயங்குகிறேன். இதற்கு எழுத்தாளரே பொறுப்பு.'"

ஒரு தடவை படித்தார். காந்தாவுக்காக இன்னொரு தடவை படித்தார். பிறகு அதை மடித்து, கல்லாப் பெட்டியைத் திறந்து, நோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

"இது விக்கும்," என்றார்.